கடைவீதியில் மதிய வேளைக்கு ஒரு நிழல் வேண்டும்



மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். நள்ளிரவு தாண்டியும் சூடாக இட்லி கிடைக்கும் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் வியந்து சொல்வார்கள். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பகல் ஒரு மணிக்கு நம் மாசி வீதிகளில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். இரவில் தூங்காத ஊர் மதியத்தில் தூங்குவது தெரியும். கல்லாவில் இருப்பவர் பழைய பில் புத்தகத்தால் விசிறிக் கொண்டிருப்பார். ஊழியர்கள் அடுக்கிய சரக்கையே மறுபடி அடுக்கிக் கொண்டிருப்பார்கள். பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

"வெயில், என்ன செய்வது?" என்று சொல்லிப் பழகிவிட்டோம். வாடகை அந்த நான்கு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். சம்பளமும் மின் கட்டணமும் அப்படியே. பள்ளி விடுமுறை நாற்பது, நாற்பத்தைந்து நாள். குடும்பங்கள் பிள்ளைகளோடு வெளியே கிளம்புகிற காலம் அது. அந்தக் காலத்தில்தான் நம் கடைவீதி பாதி நாள் படுத்துக் கிடக்கிறது. இந்த முரண்பாட்டைப் பற்றி நம் சங்கத்தில் பேச வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஒரு மதியம் நடந்தது

என்னுடையது பாத்திரக் கடை. போன கோடையில், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள் பகல் ஒன்றரை மணி இருக்கும். கணவன், மனைவி, பத்து வயதுப் பையன், கைக்குழந்தை என்று ஒரு குடும்பம் கடை வாசலில் நின்றது. கையில் கோயில் பிரசாதப் பை. அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, சாமான் ஒண்ணும் வாங்கல. பிள்ளைக்கு வெயில் தாங்கல. கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார். "உள்ளே வாம்மா, அதுக்கென்ன" என்றேன்.

விருதுநகர்ப் பக்கத்துக் கிராமம். காலையில் தரிசனம் முடித்திருக்கிறார்கள். பகல் 12.30 மணி வாக்கில் மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். சாயந்திரம் பிள்ளைகளுக்குத் துணிமணி எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஊர் திரும்புவதாகத் திட்டம். இடையில் உள்ள மூன்று மணி நேரம் எங்கே போவது? சினிமாவுக்குப் போகலாம் என்று பையன் கேட்டிருக்கிறான். டிக்கெட் விலையைக் கேட்டதும், எடுக்க வேண்டிய துணிக்கு வைத்த பணம் போய்விடும் என்று வந்துவிட்டார்கள்.

ஒரு மணி நேரம் இருந்தார்கள். பையன் டம்ளர்களை அளவுவாரியாக அடுக்கி எங்கள் பையன்களுக்கு ஒத்தாசை செய்தான். புறப்படும் நேரத்தில் அந்தப் பெண் என் வீட்டாரிடம் மெதுவாக ஏதோ கேட்டார். கழிப்பறை எங்கே என்பதுதான் கேள்வி. எங்கள் கடையில் கிடையாது. ஊழியர்கள் போவது பின் சந்தில், இரண்டாவது மாடியில், வேறொருவர் கட்டிடத்தில். அங்கே ஒரு வெளியூர்ப் பெண்ணைக் குழந்தையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். ஒரு டம்ளர் கூட வாங்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. முப்பது வருடமாக இந்த வீதியில் கடை வைத்திருக்கிறேன், ஒரு பெண்மணி கேட்ட சாதாரண உதவியைச் செய்ய முடியவில்லையே என்பதுதான் அன்று இரவு வரை உறுத்தியது.

நால்வருக்கு என்ன செலவு?

கோடையில் ஒரு நடுத்தரக் குடும்பம் பிள்ளைகளை வெயில் படாமல் எங்காவது அழைத்துப் போக வேண்டுமென்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய திரையரங்கு என்றால் நால்வருக்கு டிக்கெட்டே 600, 700 ரூபாயைத் தொடும். இடைவேளையில் பிள்ளைகள் கேட்பதை வாங்கிக் கொடுத்தால் ஆயிரத்தைத் தாண்டும். மால்களில் உள்ளே நுழையக் காசு இல்லை. ஆனால் விளையாட்டு அரங்குக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் முன்னால் பிள்ளையை நிறுத்தி வைத்துக்கொண்டு "வேண்டாம்" என்று சொல்கிற கஷ்டம் பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

முன்பு சினிமாதான் ஏழைக்கும் குளிர் கொடுத்தது. நம்மூரில் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' படத்தோடு திறந்த தங்கம் தியேட்டரை மறக்க முடியுமா? ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று பெயரெடுத்தது. தரை டிக்கெட் வாங்கியவனுக்கும் மூன்று மணி நேரம் வெயில் தெரியாது. அந்த இடத்தில் இன்று ஒரு பெரிய ஜவுளி மாளிகை நிற்கிறது. மதியம் அங்கே போய்ப் பாருங்கள். துணி எடுக்க வந்தவர்களோடு குளிருக்காக வந்தவர்களும் இருப்பார்கள். மாடி மாடியாக ஏறி இறங்குவார்கள். பிள்ளைகள் நகரும் படிக்கட்டில் நாலு தடவை போய் வருவார்கள். யாரும் அவர்களை விரட்டுவதில்லை. காரணம், வந்தவர்கள் எப்போதாவது ஒரு நாள் வாங்குவார்கள் என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். நமக்கு ஏன் அது தெரியவில்லை?

அரசாங்கம் கூட இந்த வித்தியாசத்தைப் புரிந்து வைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான சினிமா டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம்தான். அதே நாளில் ஏ.சி. இயந்திரத்துக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆயிற்று. வீட்டில் ஏ.சி. வாங்கியவர் வெளியே வரமாட்டார். வாங்க முடியாதவர் வெளியே வந்தால் ஒதுங்க இடமில்லை. இந்த இரண்டு பேரும் நம் வாடிக்கையாளர்கள்தான்.

காசில்லாமல் போகக்கூடிய இடங்கள்

நம்மூரில் அப்படிப்பட்ட இடங்களே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. உள்ளூர்க்காரர்கள் மறந்து விடுகிறார்கள்.

நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. ஒரு பிள்ளையை அங்கே கொண்டு போய் விட்டால் சாயந்திரம் வெளியே இழுத்து வருவதுதான் சிரமம்.

தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959 ஏப்ரலில் நேரு வந்து திறந்து வைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. பழங்காலத்துக் கனத்த சுவர். ஏ.சி. இல்லாமலே வெளியிலிருந்து வருபவருக்கு இதமாக இருக்கும். அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் உள்ளது.

திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசைகளுக்கு நடுவே நின்றால் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். டிக்கெட் சிறு தொகைதான். நடுமுற்றம் திறந்தவெளி, ஓரத்துத் தாழ்வாரம் நல்ல நிழல். ஊரைவிட்டுச் சற்று வெளியே போக முடிந்தவர்களுக்குக் கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தாயக்கட்டையையும், பானை ஓட்டில் தேய்த்துச் செய்த சில்லுகளையும் பார்த்த பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் தானே சில்லு தேய்க்க உட்கார்ந்துவிடும். அயலூரிலிருந்து வந்த மணிகளும் அங்கே உண்டு. வைகைக் கரையில் அன்றே வியாபாரம் நடந்ததற்கு அவை சாட்சி. வியாபாரி வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இவற்றில் சிலவற்றுக்கு வாரத்தில் ஒரு விடுமுறை நாள் உண்டு. அதை விசாரித்துக்கொண்டு போக வேண்டும். இத்தனை இருந்தும் ஒரு குறை. கோயிலையும் கடைவீதியையும் நம்பி வருகிற குடும்பத்துக்கு இவற்றில் பலவும் பஸ் ஏறிப் போக வேண்டிய தூரம். கைக்குழந்தையோடு, பைகளோடு, உச்சி வெயிலில் பஸ் ஏறி, மறுபடி சாயந்திரம் கடைவீதிக்குத் திரும்புவார்கள் என்று எதிர்பார்க்கலாமா? போகிற வழியிலேயே வேறு கடை கண்ணில் பட்டால் அங்கேயே வாங்கிக் கொண்டு போய்விடுவார்கள். ஆகவே கடைவீதிக்குள்ளேயே ஓர் இடம் வேண்டும். அதை நாம்தான் செய்ய வேண்டும்.

சாமிக்கும் கோடை மண்டபம் உண்டு

இது புதிய யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தைத் திருமலை நாயக்கர் எதற்காகக் கட்டினார்? வைகாசி வசந்த விழாவில் அம்மனும் சுவாமியும் எழுந்தருளிக் குளிர்ச்சியாக வீற்றிருக்கக் கட்டினார். வசந்த மண்டபம் என்றே அதற்கு இன்னொரு பெயர். சுற்றிலும் நீர் தேக்கி வைக்க அகழி போன்ற அமைப்பும் உண்டு. சாமிக்கே கோடையில் ஓர் உள்ளிடம் தேவை என்று நினைத்த ஊர் நம்முடையது.

அதே மண்டபத்தில்தான் பல தலைமுறையாகத் தையற்காரர்களும், பாத்திர வியாபாரிகளும், புத்தகக் கடைக்காரர்களும் இருந்தார்கள். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கலைச் சிற்பங்கள் பிழைத்தன. நான் சொல்ல வருவது வேறு. உச்சி வெயிலிலும் புது மண்டபத்தில் வியாபாரம் நடந்தது. தைக்கக் கொடுத்துவிட்டுத் தூண் ஓரமாகப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்த தாய்மார்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். கல் மண்டபத்தின் நிழல்தான் அங்கே வாடிக்கையாளரைக் கூட்டி வந்தது. நிழல் இருந்தால் மதியத்திலும் வியாபாரம் உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சித்திரைத் திருவிழாவில் நாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். நீர்மோர், பானகம் கொடுக்கிறோம். அது நம் மரபு, பெருமை. ஆனால் அங்கே குடித்துவிட்டு அப்படியே வெயிலில் நடக்க வேண்டும். தாகத்துக்கு வழி செய்த நாம் களைப்புக்கு வழி செய்யவில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மழைக்கு ஒதுங்குபவரை நாம் யாரும் விரட்டுவதில்லை. வெயிலுக்கு ஒதுங்குபவரைப் பார்த்து மட்டும், "என்ன வேணும்?" என்று கேட்கிறோம். இரண்டும் பேரிடர்தான் என்று அரசே சொல்லிவிட்டது.

என்ன செய்யலாம்?

நம் வீதிகளில் சங்கக் கட்டிடங்கள், உறவின்முறை மண்டபங்கள், சிறு கல்யாண மண்டபங்கள் எத்தனை இருக்கின்றன! முகூர்த்த நாள் தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பள்ளி விடுமுறை முடியும்வரை பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை குடும்பங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது என் யோசனை. ஆடம்பரம் வேண்டாம். பாய் விரித்த தரை, மின்விசிறி, குடிநீர், சுத்தமான கழிப்பறை. மூலையில் இரண்டு கேரம் போர்டு, சதுரங்கப் பலகை, பல்லாங்குழி, தாயம், சிறுவர் புத்தகங்கள். குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைப்பு. இது போதும்.

செலவைப் பார்ப்போம். பத்து சாதாரண மின்விசிறி நான்கு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 3 யூனிட். மூன்று பெரிய ஏர் கூலர் ஓடினால் இரண்டரை யூனிட் ஆகும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 55 ரூபாய்தான். ஏர் கூலருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடி வைத்து ஓட்டினால் புழுக்கம்தான் மிஞ்சும். மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்து, மேற்குப் பக்க ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் சூடு நன்றாகவே குறையும். ஏ.சி. இல்லாத காலத்தில் பெரியவர்கள் கடைகளில் செய்த வேலைதான் இது.

பார்த்துக்கொள்ள ஒருவர், துப்புரவுக்கு ஒருவர் என்று இரண்டு பேருக்கு நாளுக்கு 1,200 ரூபாய். குடிநீர் கேன் 400 ரூபாய். மின்சாரமும் சேர்த்து நாளுக்கு 1,655. 45 நாளுக்கு 75 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பினாயில், சோப்பு, சில்லறைச் செலவு என்று 5,000 போட்டால் மொத்தம் 80 ஆயிரம் ரூபாய். ஒரு வீதியில் நூறு கடைகள் சேர்ந்தால் கடைக்கு 800 ரூபாய். நாளுக்கு 18 ரூபாய்க்கும் குறைவு. ஒரு டீயும் கொஞ்சம் சில்லறையும். இதைக்கூடக் கொடுக்க முடியாத கடை நம் வீதியில் உண்டா?

இரண்டாவது, கழிப்பறை. இதை நான் முதலாவதாகவே சொல்லியிருக்க வேண்டும். விசிறி இல்லாவிட்டாலும் குடும்பங்கள் சமாளித்துக் கொள்ளும். கழிப்பறை இல்லாமல் பெண்கள் பிள்ளைகளோடு ஓர் இடத்தில் இரண்டு மணி நேரம் இருக்க முடியாது. கடைவீதிக்கு வருகிற நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். மாலில் ஏ.சி. இருப்பது தெரிந்த விஷயம். அங்கே போகிறவர்களைக் கேட்டால் கழிப்பறையையும் சேர்த்தே சொல்வார்கள். மாநகராட்சியிடம் மனுக் கொடுத்துக் காத்திருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வீதிக்கு ஒன்றாவது நம் செலவில் சுத்தமாகப் பராமரிக்க வேண்டும். நம் கடைகளில் வேலை செய்யும் பெண் ஊழியர்களுக்கும் அது பயன்படும்.

மூன்றாவது, நம் தொழிலையே பிள்ளைகளுக்குக் காட்டலாம். மாலில் கிடைக்காத சரக்கு இது. புவிசார் குறியீடு பெற்ற சுங்குடிச் சேலையில் துணியைக் கடுகளவு கிள்ளி நூலால் முடிச்சுப் போடுவதும், சாயத்தில் தோய்த்தபின் முடிச்சை அவிழ்த்தால் புள்ளி புள்ளியாக மலர்வதும் பார்க்கக் கிடைக்காத காட்சி. ஒரு கைக்குட்டையை ஆளுக்கொன்று கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னால் அரை நாள் பிள்ளைகள் அசைய மாட்டார்கள். கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரிகள் பத்து வகைப் பருப்பையும் பத்து வகை அரிசியையும் தட்டில் வைத்துப் பெயர் சொல்லச் சொல்லலாம். துவரைக்கும் கடலைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகள் இன்று நிறைய. வாரத்தில் இரண்டு மதியம் இப்படி ஒதுக்கினால் போதும். வியாபாரம் இல்லாத நேரம்தானே?

நான்காவது, மிகச் சுலபமானது. நம் பில்லின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. நூலகம், அருங்காட்சியகங்கள், மகால் ஆகியவற்றின் பெயர், போகும் வழி, திறந்திருக்கும் நேரம், விடுமுறை நாள் இவற்றை விசாரித்து அச்சடிக்கலாம். கூடவே, "மதியம் இளைப்பாற இடம்" என்று நம் மண்டபத்தின் முகவரி. விளம்பரத்துக்குச் செலவிடும் தொகையில் இது எம்மாத்திரம்?

எழக்கூடிய ஆட்சேபங்கள்

"சும்மா வந்து உட்கார்ந்து எழுந்து போய்விடுவார்கள். நமக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. வரட்டும், போகட்டும். பகல் 12 மணிக்கே ஊரைவிட்டுப் போய்விடுகிறவர் நம்மிடம் எதுவும் வாங்க வாய்ப்பே இல்லை. 4 மணி வரை வீதியில் இருப்பவர் நூறு பேரில் பத்துப் பேராவது வாங்காமல் போகமாட்டார். என் கடைக்கு வந்த குடும்பம் பாத்திரம் வாங்கவில்லை. ஆனால் அவர்களுக்குத் துணி எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு வராத வியாபாரம் அடுத்த கடைக்காவது போகும். அடுத்த கடைக்கு வந்தவர் நாளை என்னிடம் வருவார். கடைவீதி என்றால் அதுதானே?

"கூட்டம் சேர்ந்தால் திருட்டு, தகராறு வரும்" என்பார்கள். குடும்பமாக வருகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, வாசலில் ஊர், பெயர் எழுதி வாங்கி, ஒரு பொறுப்பான ஆளை உட்கார வைத்தால் போதும். நாற்பது வருடமாகத் தண்ணீர்ப் பந்தல் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாத வேலையில்லை.

"எங்கள் கடையே பத்தடி அகலம். எங்கே இடம்?" என்று சிறு வியாபாரிகள் கேட்பது நியாயம். அதனால்தான் தனித்தனிக் கடையாகச் செய்ய வேண்டாம், வீதியாகச் சேர்ந்து செய்வோம் என்கிறேன். கடைக்குள் இரண்டு முக்காலிக்கு மட்டும் இடம் கண்டுபிடியுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. அதுவரை நமக்கே தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளையைத் தூக்கி வரும் வாடிக்கையாளருக்கும் ஒரு முக்காலி போட இன்னொரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். கடைக்காரர் பிள்ளை விடுமுறைக்கு எங்கே போகிறது? பெரும்பாலும் கடைக்குத்தான் வருகிறது. மே 5 வணிகர் தினத்தன்று கடைக்கு விடுமுறை விடுகிறோம், மாநாட்டுக்குப் போகிறோம். மற்ற நாளெல்லாம் காலை ஒன்பது மணிக்கு ஏறிய கல்லாவை விட்டு இரவு பத்து மணிக்குத்தான் இறங்குகிறோம். மதியம் நான்கு மணி நேரம் வியாபாரம் இல்லை என்று புலம்புகிற நாமே, அந்த நேரத்தில் சொந்தப் பிள்ளையைக் காந்தி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போனதுண்டா? நானும் போனதில்லை. என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பேரனையாவது இந்த வருடம் அழைத்துப் போக எண்ணியிருக்கிறேன்.

நம் தலைமுறைக்குக் கடைவீதி மேல் ஒரு பிடிப்பு இருக்கிறது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தது, தீபாவளித் துணிக்குத் தெற்குமாசி வீதியில் கடை கடையாக ஏறியது எல்லாம் மனதில் நிற்கிறது. அதனால்தான் இன்றும் இங்கே வந்து வாங்குகிறோம். இன்றைய பத்து வயதுப் பிள்ளைக்குக் கடைவீதி என்றால் வெயில், நெரிசல், "சீக்கிரம் வா" என்கிற அதட்டல் என்றே பதிந்தால், அது முப்பது வயதில் இங்கே வராது. உட்கார்ந்த இடத்திலிருந்து செல்போனில் வாங்கிக்கொள்ளும். அந்த நஷ்டத்துக்கு முன்னால் 800 ரூபாய் ஒன்றுமேயில்லை.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயில் நம் கையில் இல்லை. நிழல் நம் கையில் இருக்கிறது. வரும் செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசும்படி நிர்வாகிகளைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எல்லா வீதியிலும் வேண்டாம். ஒரே ஒரு வீதியில், ஒரே ஒரு மண்டபத்தில், ஒரு கோடை மட்டும் நடத்திப் பார்ப்போம். என் கடைப் பங்கான 800 ரூபாயை முதலில் கட்டத் தயாராக இருக்கிறேன். கேரம் போர்டு ஒன்றும் தருகிறேன். மற்றவர்கள் என்ன தருகிறீர்கள் என்று கூட்டத்தில் சொல்லுங்கள்.